பெண்கள் பந்தாட்டமும் ஆடவர் ஓய்வுக்கால ஆட்டமும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சமயமும் தமிழும் முழங்க வேண்டிய இம்மேடையிலே விளையாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறார்களே என்று பெரியவர்கள் சிலர் எண்ணக்கூடும். மாணிக்கவாசக சுவாமிகள் திருவாசகத்திலே திருவம்மானை, திருப்பொன்னூசல், திருத்தோணோக்கம் எனப் பெண்கள் கூடி விளையாடும் ஆட்டங்களின் பெயரையே பதிகங்களுக்கு இட்டிருக்கிறார். திருக்குற்றாலக் குறவஞ்சியிலே கதாநாயகி வசந்தவல்லி பந்தடிக்கும் காட்சி வருகிறது. ஆகவே பெண்கள் பந்தாடுவது நமக்குப் புதிதன்று. அவர்கள் ஆடும் ஆட்டம் தரமானதுதானா என்று கேட்பதே புதிது. அந்தக் கேள்வியைத்தான் இன்று எடுத்துக்கொண்டோம்.

கேள்வி பிறந்த இடம் அமெரிக்கா. அங்கே ஆடவர் கூடைப்பந்துக்கு என்.பி.ஏ. என்று ஒரு பெரிய சங்கம் உண்டு. ஐப்பசியில் தொடங்கி ஆனி வரை அவர்களுடைய பருவம். பிறகு ஓய்வு. அந்த ஓய்வுக்காலத்திலே, யூலை மாதத்தில், லாஸ் வேகாஸ் நகரிலே 2004ஆம் ஆண்டு முதல் ஒரு பயிற்சிப் பந்தயம் நடந்து வருகிறது. அதைக் கோடைப் பந்தயம் என்று சொல்வார்கள். பெண்களுக்கோ டபிள்யூ.என்.பி.ஏ. என்ற தொழில்முறைச் சங்கம் 1997ஆம் ஆண்டு யூன் மாதம் 21ஆம் திகதி தன் முதலாவது ஆட்டத்தை ஆடிற்று. ஆடவர் ஓய்ந்திருக்கும் மாதங்களிலேதான் பெண்களுக்கு மண்டபமும் தொலைக்காட்சியும் கிடைக்கும் என்ற கணக்கிலே, அவர்களுடைய பருவத்தைக் கோடையில் வைத்தார்கள். ஆகவே ஒரே யூலை மாதத்தில் இரண்டு ஆட்டங்களும் எதிரெதிரே வந்து நின்றன. உடனே ஒரு சாரார், "ஆடவரின் வெறும் பயிற்சி ஆட்டங்கூடப் பெண்களின் முதற்தர ஆட்டத்தைவிட மேலானது" என்று சொல்லத் தலைப்பட்டனர். அமெரிக்காவில் எவரோ சொன்னது நமக்கு எதற்கு என்று விட்டுவிடலாம். ஆனால் இதே வாக்கியத்தைப் பேராதனைச் சர்வகலாசாலை விடுதியிலும் கேட்டோம். கெலிஓயாவிலே கம்பளை பஸ்ஸுக்குக் காத்து நிற்கையிலும் கேட்டோம். கூடைப்பந்து என்ற சொல்லை எடுத்துவிட்டுக் கிரிக்கெட் என்றோ வலைப்பந்து என்றோ வைத்துக்கொள்கிறார்கள். மற்றபடி வாக்கியம் ஒன்றுதான்.

முதலில் ஒரு சிறு வரலாறு. கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவர் கனடாவிற் பிறந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர். 1891ஆம் ஆண்டு மார்கழி மாதம், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் ஊரிலே, கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிக் கல்லூரியிலே, பனிக்காலத்தில் வெளியே போக முடியாமல் குறும்பு செய்துகொண்டிருந்த பதினெட்டு மாணவரை அடக்கி வைப்பதற்கு ஓர் ஆட்டம் தேவைப்பட்டது. மாடத்தின் விளிம்பிலே பீச் பழக்கூடை இரண்டைப் பத்தடி உயரத்தில் ஆணியடித்து மாட்டினார். பதின்மூன்று விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினார். அவ்வளவுதான். ஒரு வாலிபர் சங்கம், இரண்டு கூடை, ஒரு பந்து. (நமது சங்கத்தின் செயற்குழுவினர் இதைக் கவனிப்பார்களாக!) சில வாரங்களுக்குள்ளே அயலிலுள்ள பாடசாலை ஆசிரியைகள் சிலர் வேடிக்கை பார்க்க வந்து, நாங்களும் ஆடலாமா என்று கேட்டு ஆடத் தொடங்கினர். அப்படி ஆடியவர்களுள் ஒருவரையே நெய்ஸ்மித் பின்னர் மணந்துகொண்டார். ஆகவே கூடைப்பந்து ஆடவருக்கென்று பிறந்து பின்பு பெண்களுக்கு இரவல் கொடுக்கப்பட்டது என்று சொல்வதற்கில்லை. பிறந்த வீட்டிலேயே இருவரும் ஆடியிருக்கின்றனர்.

இனிமேற்றான் வழி பிரிகிறது. 1892இலே ஸ்மித் கல்லூரி என்னும் மகளிர் கல்லூரியில் செண்டா பெரென்ஸன் என்ற ஆசிரியை இவ்வாட்டத்தைத் தம் மாணவிகளுக்குக் கற்பித்தார். 1893ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் திகதி அங்கே முதலாம் வருடத்தாரும் இரண்டாம் வருடத்தாரும் மோதியபொழுது ஆடவர் எவரும் உள்ளே அனுமதிக்கப்படவில்லை. பெண்கள் அதிகம் ஓடினால் தேகத்துக்குக் கேடு, முரட்டுத்தனம் வந்துவிடும் என்ற அக்காலத்து அச்சத்துக்கு இணங்கி, ஆடுகளத்தை மூன்று பிரிவாக்கினார். ஒரு பிரிவில் நிற்பவள் மற்றப் பிரிவுக்குப் போகலாகாது. எதிரியின் கையிலிருந்து பந்தைப் பறிக்கலாகாது. மூன்று விநாடிக்கு மேல் பந்தை வைத்திருக்கலாகாது. மூன்று முறைக்கு மேல் தட்டலாகாது. அவர் செய்தது நல்லெண்ணத்தில். அந்த விதிகள் இல்லாவிட்டால் அன்றைய பெற்றோர் தம் பிள்ளைகளை ஆடவே விட்டிருக்கமாட்டார்கள். அச்சமுள்ள பெற்றோர் கெலிஓயாவில் மட்டுமன்று, அமெரிக்காவிலும் இருந்தார்கள் என்பதற்காக இதைச் சொல்லி வைக்கிறோம்.

விளைவு என்ன? அமெரிக்கப் பெண்கள் முழுக் களத்திலும் ஐவராக ஓடி ஆடும் விதி 1971ஆம் ஆண்டுதான் பொதுவாயிற்று. அயோவா மாகாணத்துப் பாடசாலைகளிலே அறுவர் ஆடும் பாதிக்கள ஆட்டம் 1993 வரை நீடித்தது. எண்பது வருடம் ஒருத்தியைக் கோடு கீறி நிறுத்தி வைத்துவிட்டு, "இவள் ஓடமாட்டாள், மெல்ல ஆடுகிறாள்" என்று குறை கூறுவது எவ்வகை நியாயம் என்று எங்களுக்கு விளங்கவில்லை.

இனி வழக்கின் நடுப்பகுதிக்கு வருவோம். தரம் என்றால் என்ன? உயரத்தையும் வேகத்தையும் பாய்ச்சலையும் மட்டும் தரம் என்று வைத்துக்கொண்டால் வழக்கு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆடவர் உயரமானவர், விரைவானவர், மேலே எழும்பி வளையத்துக்குள் பந்தைத் திணிக்க வல்லவர். இதை மறுப்பவர் எவரும் இல்லை. எதிர்க்கட்சிக்காரருக்கு இன்னும் இரண்டு சாட்சிகளை நாங்களே எடுத்துத் தருகிறோம். உதைபந்தாட்டத்திலே 2015இல் உலகக் கிண்ணம் வென்ற அமெரிக்கப் பெண்கள் குழு, 2017ஆம் ஆண்டு ஒரு பயிற்சி ஆட்டத்தில் டாலஸ் நகரத்துப் பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுவர் குழுவிடம் 5க்கு 2 என்று தோற்றது. அவுஸ்திரேலியப் பெண்கள் குழு 2016இலே நியூகாசில் நகரத்துச் சிறுவர்களிடம் 7க்கு 0 என்று தோற்றது. இவை உண்மை. மறைப்பதனால் பயனில்லை.

ஆயின் அதே அவுஸ்திரேலியப் பெண்கள் 2023இலே தம் நாட்டில் நடந்த உலகக் கிண்ணத்தில் அரையிறுதி வரை வந்தபொழுது, அந்நாட்டு மக்கள் இலட்சக்கணக்கில் வேலையை விட்டுத் தொலைக்காட்சிக்கு முன் அமர்ந்தார்கள். நியூகாசில் சிறுவர்களின் ஆட்டத்தைப் பார்க்க அப்படி எவரும் அமரவில்லை. யார் யாரை வெல்வார் என்பது ஒரு கேள்வி. எந்த ஆட்டம் பார்க்கத் தகுந்தது, எதிலே கலை முதிர்ந்திருக்கிறது என்பது வேறு கேள்வி. குத்துச்சண்டையிலே குறைந்த நிறைக்காரர் கூடிய நிறைக்காரரிடம் தோற்பார் என்பதற்காகக் குறைந்த நிறைக்காரரின் சண்டையைத் தரமற்றது என்று யாரும் சொல்வதில்லையே!

கோடைப் பந்தயத்தை நிதானமாகப் பாருங்கள். அங்கே ஆடுபவர்கள் பெரும்பாலும் சில நாட்களுக்கு முன்னரே சங்கங்களால் தெரிந்தெடுக்கப்பட்ட இளைஞர்களும், ஓர் இடம் கிடைக்காதா என்று அலைகின்றவர்களுமே. பெயர் பெற்ற ஆட்டக்காரர் அவ்வேளையில் கடற்கரையில் இருப்பார். குழுவாகச் சேர்ந்து ஒரு வாரம், பத்து நாள் பயிற்சி. ஒவ்வொருவரும் தன் தன் சாமர்த்தியத்தைப் பயிற்றுநர் கண்ணில் படவைக்க வேண்டும். ஆகவே பக்கத்தில் நிற்பவனுக்குப் பந்தை எறிவதற்கு மனம் வராது. தவறுகள் மலிந்திருக்கும். வழக்கமான ஆட்டத்தில் ஆறு தவறு செய்தவர் வெளியேற வேண்டும். கோடைப் பந்தயத்திலே பத்து வரை பொறுத்துக்கொள்கிறார்கள். இந்த ஒரு விதியே அந்த ஆட்டத்தின் தன்மையைச் சொல்லிவிடும்.

ஓர் உதாரணம். பிரான்சு தேசத்து விக்டர் வெம்பன்யாமா என்ற இளைஞர் ஏழடிக்கு மேல் உயரமானவர், உலகமே எதிர்பார்த்திருந்தவர். 2023 யூலை 7ஆம் திகதி கோடைப் பந்தயத்தில் முதன்முறையாக இறங்கினார். பதின்மூன்று முறை கூடைக்கு எறிந்தார். இரண்டே முறை விழுந்தது. அவர் திறமையற்றவரா? இல்லை. அடுத்த பருவத்திலே அவ்வருடத்துச் சிறந்த புதுமுக ஆட்டக்காரர் என்ற பட்டத்தைப் பெற்றவர் அவரேதான். ஆடியவர் அதே ஆள், ஆட்டம் வேறு. கூட்டாளிகளை அறியாத, பரிசு ஒன்றும் பெரிதாக இல்லாத, பழகாத ஒரு குழுவில் மேதையும் தடுமாறுவார். தரம் ஆட்டக்காரரின் கால் கைகளில் மட்டும் இருப்பதன்று. பழகிய கூட்டிலும், வெல்ல வேண்டும் என்ற தேவையிலும் பாதி இருக்கிறது.

பெண்கள் ஆட்டத்துக்கு வருவோம். ஆட்ட நேரம் கோடைப் பந்தயத்தைப் போலவே நாற்பது நிமிடம். வளையம் அதே பத்தடி உயரம். பந்து மட்டும் சுற்றளவில் ஓர் அங்குலம் சிறியது. 2024ஆம் ஆண்டு இறுதித் தொடரிலே நியூயோர்க் குழுவும் மினசோட்டா குழுவும் மோதின. முதலாவது ஆட்டத்திலே பதினெட்டுப் புள்ளி பின்தங்கி நின்ற மினசோட்டா, மேலதிக நேரத்தில் 95க்கு 93 என்று வென்றது. மூன்றாவது ஆட்டத்தை நியூயோர்க்கின் சப்ரினா அயனெஸ்கு இருபத்தெட்டு அடி தூரத்திலிருந்து எறிந்த ஒரு பந்து தீர்த்து வைத்தது. ஐந்தாவது ஆட்டம் மறுபடியும் மேலதிக நேரத்துக்குப் போய், 67க்கு 62 என்று நியூயோர்க் கிண்ணத்தை எடுத்தது. ஐந்து ஆட்டத்தில் இரண்டு மேலதிக நேரம்! பலவருடம் கூடிப் பழகிய ஐவர் ஒரு கையின் விரல்களைப்போல் அசைவதை அங்கே காணலாம். கோடைப் பந்தயத்தில் அதைத் தேடிக் காண முடியாது.

உடல் வலிமை குறுக்கிடாத இடத்தில் இருபாலாரையும் நேர் நேராக நிறுத்திப் பார்க்கவும் வழியுண்டு. கூடைப்பந்தில் தண்ட எறிவு என்று ஒன்று இருக்கிறது. எவரும் மறிக்கமாட்டார், பதினைந்து அடியில் நின்று எறிய வேண்டியதுதான். அதில் கையும் கண்ணும் மனமுமே வேலை செய்யும். எலெனா டெல் டொன் என்னும் பெண் தம் ஆட்ட வாழ்க்கை முழுவதிலும் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்றுக்கு மேல் தவறாமல் எறிந்தார். ஆடவரில் இக்கலையின் மன்னர் எனப்படும் ஸ்டீபன் கரியின் கணக்கு தொண்ணூற்றொன்றளவில். 2024 பெப்ரவரி 17ஆம் திகதி இந்தியானாபொலிஸ் நகரிலே இன்னொரு பரீட்சை நடந்தது. முன்னே சொன்ன அயனெஸ்குவும் ஸ்டீபன் கரியும் தூர எறிவிலே போட்டியிட்டனர். அயனெஸ்கு பெண்கள் கோட்டில் நிற்காமல் ஆடவர் கோட்டிலேயே நின்றார்; பந்து மட்டும் பெண்கள் பந்து. கரி 29, அயனெஸ்கு 26. தோற்றுவிட்டாரே என்று சொல்லலாம். ஆனால் அன்றிரவு ஆடவர் மட்டும் கலந்துகொண்ட தூர எறிவுப் போட்டியின் இறுதியிலே முதற்பரிசு பெற்ற டேமியன் லிலார்டின் கணக்கும் அதே 26தான்.

சம்பளக் கணக்கையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2023இல் வெம்பன்யாமாவின் முதல் வருடச் சம்பளம் ஒரு கோடி இருபது இலட்சம் டொலருக்கு மேல். 2024இல் பெண்கள் சங்கத்தில் சேர்ந்து, அந்த யூலை 17ஆம் திகதி ஓர் ஆட்டத்தில் பத்தொன்பது முறை கூட்டாளிகளுக்குப் பந்தூட்டிச் சாதனை நிலைநாட்டிய கெய்ற்லின் கிளார்க்கின் முதல் வருடச் சம்பளம் எழுபத்தாறாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம். விளம்பரத்தில் அவர் சம்பாதிப்பது வேறு. ஆடவர் சங்கத்தின் வருமானம் பன்மடங்கு பெரிது என்பதும் உண்மை. ஆனாலும், மலிவாகக் கிடைக்கும் பொருளைத் தரம் குறைந்தது என்று நினைக்கிற பழக்கம் சந்தையிலிருந்து மைதானத்துக்கும் வந்துவிட்டது என்பதே எங்கள் அபிப்பிராயம்.

அமெரிக்காவை அங்கேயே விட்டுவிட்டு நம் வீட்டுக்கு வருவோம். நமக்கும் ஒரு யூலை மாதம் இருந்தது. 2024ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி, நமக்கு அண்மையிலுள்ள பல்லேகலை மைதானத்திலே ஆடவருக்கான லங்கா பிரீமியர் லீக் ஆரம்பமாயிற்று. ஏலத்திலே ஒரு பந்துவீச்சாளர் இலட்சத்து இருபதினாயிரம் டொலருக்குப் போனார். வெளிநாட்டு ஆட்டக்காரர் சில நாட்களுக்கு முன் வந்திறங்கி, சீருடை அணிந்து, ஆடிவிட்டுப் போனார்கள். ஐந்து குழுக்களுள் ஒன்றின் உரிமையாளர், ஆட்டத்தை முன்கூட்டியே பேசி முடிக்க முயன்றார் என்ற குற்றச்சாட்டில் போட்டி தொடங்குமுன்பே கைதானார். அக்குழு வேறு பெயரோடு ஆட வேண்டியதாயிற்று. யூலை 21ஆம் திகதி யாழ்ப்பாணக் குழு கிண்ணத்தை வென்றது. நம் வாலிபர்கள் அன்றிரவு வெடி கொளுத்தியது எங்கள் செவியிலும் விழுந்தது, மகிழ்ந்தோம். அந்த ஆட்டத்தை இழிவுபடுத்துவது எங்கள் எண்ணமன்று. சிறந்த வீரர் பலர் அதில் ஆடினர். ஆனால் அது திருவிழா ஆட்டம். திருவிழாக் கடையில் வாங்கிய பலகாரத்தை நம் வீட்டுச் சமையலோடு ஒப்பிட முடியாது அல்லவா?

அதே வாரத்திலே, கண்டியிலிருந்து எழுபது கிலோமீற்றர் அளவிலுள்ள தம்புள்ளையிலே, பெண்களின் ஆசியக் கிண்ணப் போட்டி நடந்துகொண்டிருந்தது. இலங்கைப் பெண்கள் அதுவரை ஐந்து முறை இறுதியாட்டத்துக்கு வந்து ஐந்து முறையும் இந்தியாவிடம் தோற்றவர்கள். அரையிறுதியிலே பாகிஸ்தானை ஒரு பந்து மட்டும் மீதியிருக்க வென்றனர். யூலை 28ஆம் திகதி இறுதியாட்டம். இந்தியா 6 விக்கெட்டுக்கு 165. குழுத் தலைவி சமரி அத்தபத்து 43 பந்தில் 61. ஹர்ஷிதா சமரவிக்கிரம ஆட்டமிழக்காமல் 69. கவிஷா டில்ஹாரி பதினாறே பந்தில் 30. இரண்டே விக்கெட்டை இழந்து, 18.4 ஓவரில் 167 ஓட்டம்! எட்டு விக்கெட்டால் வென்றனர். பல ஆண்டுகள் ஒன்றாய்த் தோற்று, ஒன்றாய்ப் பழகி, ஒன்றாய் எழுந்த ஒரு குழுவின் ஆட்டம் அது. இவர்கள் திடீரென்று முளைத்தவர்களும் அல்லர். அதே ஆண்டு சித்திரையில் தென்னாபிரிக்காவிலே, முந்நூற்றிரண்டு ஓட்டம் தேவைப்பட்ட ஆட்டத்தில் சமரி தனியொருவராக ஆட்டமிழக்காமல் 195 ஓட்டம் எடுத்து வென்று கொடுத்திருந்தார். பெண்கள் ஒருநாள் ஆட்டத்தில் அதுவரை எவரும் அவ்வளவு பெரிய இலக்கைத் துரத்தி வென்றதில்லை. அந்த மாதம் முழுவதிலும் இந்த நாட்டிலே ஆடப்பட்ட மிகச் சிறந்த கிரிக்கெட் எது என்று எங்களைக் கேட்டால், தயங்காமல் தம்புள்ளையைத்தான் காட்டுவோம்.

வலைப்பந்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் போனால், பெண் பிள்ளைகளாகிய எங்களை எங்கள் பழைய பாடசாலைத் தோழிகள் மன்னிக்கமாட்டார்கள். மிஷன் பாடசாலையில் வேதபாடம் எவ்வளவு நிச்சயமோ அவ்வளவு நிச்சயம் வலைப்பந்து. கூடைப்பந்தின் உடன்பிறந்த தங்கை அது. கூடைக்குப் பின்னாலிருக்கும் பலகை அதில் இல்லை. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவும் முடியாது. மூன்று விநாடிக்குள் எறிந்துவிட வேண்டும். உலக வலைப்பந்துச் சங்கத்துக்கு அத்திவாரம் இட்டதும் நம் நாட்டிலேதான். 1960ஆம் ஆண்டு இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றின் பிரதிநிதிகள் இலங்கையிலே கூடி விதிகளை ஒன்றாக்கினர். 1963இலே இங்கிலாந்தின் ஈஸ்ட்போனில் நடந்த முதலாவது உலகப் போட்டியிலும் இலங்கை ஆடிற்று. கிரிக்கெட்டிலே நம் ஆடவர் உலகக் கிண்ணத்தில் கால் வைத்தது 1975இல் என்பதை நினைவில் வைத்துக்கொள்க.

தர்ஜினி சிவலிங்கத்தை இங்கே அறியாதவர் இருக்கமாட்டார்கள். யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெண். உயரம் 208 சென்ரிமீற்றர். 2009, 2018, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஆசியக் கிண்ணம் வென்ற இலங்கைக் குழுவில் ஆடியவர். 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்திலே 348 கோல் எறிந்து, அத்தனை நாட்டாருள்ளும் முதலாவதாக நின்றார். "உயரம் இருந்தால் யாரும் எறியலாம்" என்று ஒரு நண்பர் எங்களிடம் சொன்னார். பலகை இல்லாத வளையத்துக்குள், மூன்றடி தூரத்தில் ஒருத்தி கையை நீட்டி மறிக்க, மூன்று விநாடிக்குள் எறிந்து பார்த்துவிட்டு அவர் பேசியிருந்தால் நன்றாயிருக்கும். அந்த உயரத்துக்குப் பந்தை எதிரியின் கை படாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு நடுக்களத்தில் ஓடும் மற்றப் பெண்களின் கணக்கும் கண்ணும் எவ்வளவு கூர்மையாய் இருக்க வேண்டும் என்பதை ஆடியவர்களே அறிவார்கள்.

2022ஆம் ஆண்டு செப்டெம்பர் 11ஆம் திகதி ஓர் அதிசயம் நடந்தது. நாட்டிலே எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்று களைத்திருந்த வருடம் அது. அந்த ஒரே நாளில், டுபாயிலே ஆடவர் குழு பாகிஸ்தானை 23 ஓட்டத்தால் வென்று கிரிக்கெட் ஆசியக் கிண்ணத்தை எடுத்தது; சிங்கப்பூரிலே பெண்கள் குழு சிங்கப்பூரை 63க்கு 53 என்று வென்று வலைப்பந்து ஆசியக் கிண்ணத்தை எடுத்தது. இரண்டு குழுவையும் விமான நிலையத்திலிருந்து ஊர்வலமாய் அழைத்து வந்தார்கள். இரண்டும் முதற்தர ஆட்டம், அதில் வேறுபாடில்லை. ஆனால் ஆடவர் குழுத் தலைவர் தசுன் ஷானகவின் பெயரைச் சொல்லாத பையன் எங்கள் தெருவிலே இல்லை. கயஞ்சலி அமரவன்ச என்ற பெயரை இந்தச் சபையிலே எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்? வலைப்பந்துக் குழுவின் தலைவி அவர்.

இனிப் பெரியவர்களிடம் எங்கள் விண்ணப்பம். நமது சங்கத்தின் வருடாந்த விளையாட்டு விழாவை எண்ணிப் பாருங்கள். வாலிபர்களுக்கு மென்பந்துக் கிரிக்கெட். அதற்கு இரண்டு நாள், கேடயம், ஒலிபெருக்கியில் வர்ணனை. பெண்களுக்குத் தேசிக்காயும் கரண்டியும், சங்கீதக் கதிரை, ஊசியில் நூல் கோர்த்தல். பரிசு, கண்ணாடிக் கோப்பை. கதிரையைச் சுற்றி ஓடுவதில் எவ்வளவுதான் தேர்ச்சி பெற முடியும்? இப்படி வருடத்துக்கொருமுறை கரண்டியைக் கையில் கொடுத்துவிட்டு, எங்கள் பிள்ளைகளின் ஆட்டத்திலே தரமில்லை என்று சொல்கிறார்கள். அண்ணன்மாரின் மென்பந்து ஆட்டத்தையும் நாங்கள் பார்க்கிறோம். வருடம் முழுவதும் கொழும்பிலே கடையில் நின்றுவிட்டுச் சித்திரை விடுமுறைக்கு வந்து மட்டை பிடிப்பவர்கள், முதல் ஓவரிலேயே மூச்சு வாங்குகிறார்கள். கோபிக்க வேண்டாம், அன்போடுதான் சொல்கிறோம். அதுவும் ஓர் ஓய்வுக்கால ஆட்டந்தானே! அயற் பாடசாலைகளிலே வாரத்தில் மூன்று நாள் பயிற்சி செய்யும் நம் ஊர்ப் பெண் பிள்ளைகளின் வலைப்பந்தை ஒரு தரம் வந்து பார்த்துவிட்டு, எது தரமானது என்று தீர்ப்புச் சொல்லுங்கள்.

பெற்றோர் மனத்தில் உள்ளதையும் அறிவோம். உடை எப்படி, இருட்டுமுன் வீடு சேர்வார்களா, தோட்டத்திலிருந்து வரும் பிள்ளை தனியே நடக்க வேண்டுமே, பார்க்க வருபவர்கள் என்ன சொல்வார்கள். இவை அற்பமான கவலைகள் அல்ல. 1893இலே ஸ்மித் கல்லூரியார் ஆடவரை வாசலில் நிறுத்தினார்கள். நாம் அப்படிச் செய்ய வேண்டியதில்லை. நீளக் காற்சட்டையும் சட்டையும் அணிந்து ஆடலாம். தாய்மார் வந்து அமர்ந்திருக்கலாம். தோட்டப் பிள்ளைகள் சேர்ந்து வந்து சேர்ந்து போகலாம். பாடசாலை விட்டதும் விளையாட்டும் நின்றுவிடும் பிள்ளைகளே நம்மிடையே அதிகம். பதினாறு வயதில் பந்தைக் கீழே வைத்தவள் மறுபடி எடுப்பதில்லை. ஆடவனுக்கோ நாற்பது வயதிலும் ஒரு மட்டை கிடைக்கிறது.

செலவும் பெரிதன்று. வலைப்பந்துக் களம் நூறடி நீளம், ஐம்பதடி அகலம். கிரிக்கெட் ஆடும் வெளியின் ஒரு மூலை போதும். பத்தடி உயரத்தில் இரண்டு இரும்புக் கம்பம், இரண்டு வளையம், ஒரு பந்து, கோடு போடச் சுண்ணாம்பு. இரும்பு வேலை தெரிந்த அங்கத்தவர் ஒருவர் கூலியில்லாமல் ஒட்டித் தருவதாக ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். பயிற்சி கொடுக்கச் சர்வகலாசாலையிற் படிக்கும் நாங்கள் மூவர் ஆயத்தமாயிருக்கிறோம். சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கி ஐந்து மணிக்கு முடித்துவிடலாம். அப்பொழுது கம்பளைப் பக்கம் போகும் பஸ்ஸும் இருக்கும், வெளிச்சமும் இருக்கும். கிரிக்கெட்காரர் அந்த இரண்டு மணி நேரத்தை மட்டும் விட்டுத்தர வேண்டும். அடுத்த விளையாட்டு விழாவிலே எங்கள் ஆட்டத்தைக் கிரிக்கெட் இறுதியாட்டம் முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போன பின் வைக்காமல், அதற்கு முன்பாக வைக்கும்படியும் கேட்டுக்கொள்கிறோம்.

வைகாசி மழை தொடங்கினால் மண் இளகிவிடும், கம்பம் நிற்காது. ஆகையால் சித்திரைக்குள்ளே குழி தோண்டிவிட வேண்டும். சேர விரும்பும் பிள்ளைகளின் பெயர்களைப் பெற்றோரே இன்று கூட்டம் முடிந்ததும் காரியதரிசி அவர்களிடம் கொடுக்கலாம். ஒரு குழுவுக்கு எழுவர். இரண்டு குழுவுக்குப் பதினால்வர் வேண்டும். இதுவரை ஒன்பது பேர் கிடைத்திருக்கிறார்கள்.